விழுந்த இடத்தில் வந்த வெளிச்சம்

தியானப் பகுதி: யோபு 14:7–9, மத்தேயு 5:23–24





கடந்த ஓராண்டாகத் திங்கட்கிழமைகளில் நான் கேமராவும் கையுமாக அலைவதை உங்களில் பலர் அறிவீர்கள். “ஐயா, எடுத்த படங்களை எங்களுக்கும் காட்டுங்களேன்” என்று வாலிபர் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஏதோ சாக்குச் சொல்லி ஒதுங்கிவிட்டேன். இந்த வாரம் இரண்டு படங்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று ஈலி பேராலயத்தில் எடுத்தது. மற்றொன்று, நம் வீடுகளிலிருந்து அரைமணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஹேலி காட்டில் எடுத்தது. இரண்டும் இப்போது என் படிப்பறைச் சுவரில் அருகருகே தொங்குகின்றன. அவை ஏன் சேர்ந்து தொங்குகின்றன என்பதைச் சொன்னால், உங்களுக்கு நான் செலுத்தவேண்டிய ஒரு கடனும் அதோடு தீரும் என்று நம்புகிறேன்.

முதலில் காட்டைப் பற்றிச் சொல்லுகிறேன்.

ஹேலி காடு கேம்பிரிட்ஜுக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் நம் உறவினர்களை அங்கே அழைத்துப்போனால், “இதுவா காடு?” என்று கேட்பார்கள். மலை இல்லை, அருவி இல்லை. பாதி நாளில் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிடலாம். களிமண் பூமியாதலால் மழைக்காலத்தில் கால் வைத்த இடமெல்லாம் வழுக்கும். ஆறு ஆண்டுகளாக அங்கே போய்வருகிறேன். எந்தத் திருப்பத்தில் எப்போது தண்ணீர் தேங்கும், எந்த மரத்தில் எந்தப் பறவை முதலில் கூவும் என்பதெல்லாம் எனக்குப் பழக்கம்.

பழகிய காட்டைப் படம் எடுப்பது எளிதன்று. அறியாத இடத்தில் கண் தானாகவே விழித்துக்கொள்ளும். அறிந்த இடத்திலோ, பார்த்தாயிற்று என்று சொல்லிக் கடந்துபோகும். மேலும் காட்டுக்கு ஒழுங்கான வரிசை கிடையாது. கிளைமேல் கிளை குறுக்கிடும். எதைப் பார்ப்பது என்று லென்ஸுக்கும் தெரியாது, அதன் பின்னால் நிற்பவனுக்கும் தெரியாது. மூடுபனி இறங்கும் காலைகளில் மட்டும் காடு கொஞ்சம் இளகிக்கொடுக்கும். அருகில் உள்ள மரம் கறுப்பாகவும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கும் அடுத்தது வெண்புகையாகவும் விலகி நிற்க, ஒவ்வொரு மரமும் தன் இடத்தில் தெரியும். அத்தகைய காலைகளுக்காக எத்தனையோ நாள் இருட்டோடு எழுந்து போயிருக்கிறேன்.

இந்தக் காட்டை எனக்குக் காட்டியவர் நம் சபையின் மூப்பர்களில் ஒருவர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நான் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். திருநெல்வேலிச் சீமையில் அவருடைய தகப்பனார் மரக்கடை வைத்திருந்தவர். ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தே அதன் வயதையும் குணத்தையும் சொல்லும் பழக்கம் அண்ணாச்சிக்கு அங்கேயே வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பனிக்காலச் சனிக்கிழமைகளில் இந்தக் காட்டில் மரம் வெட்டும் தொண்டர்களோடு அவரும் சேர்ந்துகொண்டார்.

ஆம், காட்டைக் காப்பதற்காகவே அங்கே மரம் வெட்டுகிறார்கள். முதன்முறை அதைக் கண்டபோது நான் திடுக்கிட்டேன். ஒரு வயல் அகலத்துக்கு ஹேசல், ஆஷ், மேப்பிள் மரங்கள் யாவும் தரையோடு அறுக்கப்பட்டு, வெள்ளை வெளேரென்ற அடிக்கட்டைகளாய்க் கிடந்தன. இடையிடையே சில ஓக் மரங்கள் மட்டும் நின்றன. “என்ன அண்ணாச்சி, காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இப்படி மொட்டையடித்துவிட்டீர்களே!” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “வெளிச்சம் வரணும்னா வெட்டித்தான் ஆகணும் ஐயா. ரெண்டு வருஷம் பொறுங்க, அப்புறம் வந்து பாருங்க” என்றார்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் காப்பிஸ் என்று பெயர். கரும்பு வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்புவதுபோல, அறுத்த தூரிலிருந்து பல புதுக் கொம்புகள் நேராக எழும்பும். சில ஆண்டுகள் வளரவிட்டு மீண்டும் அறுப்பார்கள். இங்கிலாந்தின் பழங்காலத்து மக்கள் தங்கள் விறகையும் வேலிக் கம்புகளையும் இப்படித்தான் பெற்றார்கள். வீட்டு உத்திரங்களுக்காக ஓக் மரங்களை மட்டும் ஓங்க விட்டார்கள். வெட்டப்படுவதனால் மரம் சாவதில்லை. வெட்டாமல் விட்டால் ஓரிரு நூற்றாண்டுகளில் பட்டுப்போகக்கூடிய ஆஷ் மரம், முறையாக வெட்டப்பட்டு வந்தால் பல நூற்றாண்டுகள் உயிரோடிருக்கும்.

வெட்டிய இடத்தில் தரைமேல் வெயில் விழுகிறது. அதுவரை நிழலில் ஒடுங்கியிருந்த செடிகள் பெருகத் தொடங்குகின்றன. இரண்டாம் வசந்தத்தில் அவை பூத்துக் குலுங்கும். ஆக்ஸ்லிப் என்னும் ஒரு மலர் உண்டு. வெளிர்மஞ்சள் நிறம், ஒரே காம்பின் நுனியில் பல பூக்கள் ஒரு பக்கமாய்த் தலை சாய்த்து நிற்கும். இந்த நாட்டில் நாம் வாழும் கிழக்குப் பகுதியின் சில பழங்காடுகளிலேயே அது பெரும்பாலும் காணப்படுகிறது. சென்ற ஏப்ரல் மாதம், அண்ணாச்சியும் மற்றவர்களும் வெட்டிய அந்த இடத்துக்குப் போனேன். மூடுபனிக்குள் ஆக்ஸ்லிப் மலர்கள் தரை முழுவதும் பரந்து கிடந்தன. அறுத்த தூர்களிலிருந்து ஆளுயரக் கொம்புகள் எழும்பியிருந்தன. அன்று எடுத்ததுதான் சுவரில் உள்ள முதல் படம்.

அடுத்த மாதம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

வாடகை மண்டபத்தை விட்டுச் சொந்த ஆலயம் வாங்கவேண்டும் என்ற ஆவல் எனக்குள் பற்றி எரிந்த நாள்கள் அவை. விற்பனைக்கு வந்த ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்திருந்தேன். பொதுக்கூட்டத்தில் அண்ணாச்சி எழுந்து, இவ்வளவு கடனைத் தாங்க நம் குடும்பங்களுக்குப் பெலன் இல்லை என்று அமைதியாகக் கணக்குச் சொன்னார். நானோ, எல்லாருக்கும் முன்பாக, “உங்களிடத்தில் விசுவாசம் குறைவாயிருக்கிறது, அதனால் சபையின் கால்களைக் கட்டிப்போடுகிறீர்கள்” என்று சொன்னேன். அவர் மறுமொழி சொல்லாமல் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு அவர் குடும்பம் வரவில்லை. அதன்பின் வேறு நான்கு குடும்பங்களும் வரவில்லை. கட்டடமும் கைகூடவில்லை.

பத்து மாதம் நான் அவர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. “அவரே வரட்டும்” என்று ஒரு மாதமும், “இப்போது போனால் புண்ணைக் கிளறியதாகும்” என்று ஒரு மாதமும் கடந்தன. அதற்குப்பின் காரணமே சொல்லிக்கொள்ளாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். ஹேலி காட்டுக்குப் போக மனம் வரவில்லை, அங்கே அவரைச் சந்தித்துவிடுவேனோ என்ற அச்சம். ஆகவே பேராலயங்களைத் தேடிப் போனேன்.

இப்படியிருக்க, சென்ற பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ஈலிக்குப் போனேன்.

கேம்பிரிட்ஜிலிருந்து வடக்கே ரயிலில் செல்லும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் கருமண் வயல்கள் தட்டையாய்க் கிடக்கும். முற்காலத்தில் இதெல்லாம் சதுப்பு நிலம். பதினேழாம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டி நீரை வடித்தபின்பே பெருமளவு விளைநிலமாயிற்று. அந்தச் சதுப்புக்கு நடுவே தீவாய் நின்ற ஒரு மேட்டின்மேல் பேராலயம் இருக்கிறது. பல மைல் தூரத்திலிருந்தே கப்பல்போல் தோன்றுவதால், சதுப்புநிலத்துக் கப்பல் என்று மக்கள் அதை அழைக்கிறார்கள். 673-ஆம் ஆண்டில் எதெல்ட்ரேடா என்னும் அரசி அங்கே ஒரு துறவியர் மடத்தை நிறுவினாள். இப்போதுள்ள ஆலயத்தின் வேலை 1083-இல் தொடங்கியது. 1109-இல் அது பேராயரின் ஆலயமாயிற்று.

1321-இல் அந்த மடத்தார் தங்கள் ஆலயத்தின் வடபுறத்தில் அழகானதொரு புதிய சிற்றாலயம் கட்டக் கடைக்கால் தோண்டினார்கள். மறு ஆண்டு, 1322 பிப்ரவரியில் ஓர் இரவு, ஆலயத்தின் நடுவே நின்ற பெரிய கோபுரம் இடிந்து விழுந்தது. நிலநடுக்கமோ என்று எண்ணத்தக்க ஓசை எழுந்ததாக அந்த மடத்தின் வரலாற்றேடு சொல்லுகிறது. தேவகிருபையால் ஒருவர்மேலும் கல் விழவில்லை. புதிய கட்டடத்துக்காகத் தோண்டியதால்தான் பழைய கோபுரத்தின் அடிநிலம் அசைந்தது என்று கருதுவோர் உண்டு. பேராலயத்தில் நின்று இதை நினைத்தபோது எனக்கு முகம் சுட்டது. ஆயினும், படம் எடுக்க வந்தவன் அல்லவா? முக்காலியை விரிக்கத் தொடங்கிவிட்டேன்.

அந்நாளில் ஆலயக் கட்டடப் பொறுப்பிலிருந்தவர் வால்சிங்ஹாம் ஊர் ஆலன் என்னும் துறவி. கோபுரம் விழுந்தபோது அவர் முதலில் செய்வதறியாது கலங்கிப்போனாராம். பின்பு மனம் தேறி, இடிந்த கல்லையும் மரத்தையும் தூசியையும் வெளியே சுமக்கச் செய்தார். பழைய நான்கு தூண்களின் மேலேயே மறுபடியும் கோபுரத்தை எழுப்பாமல், எட்டு இடங்களை அளந்து குறித்து, உறுதியான நிலம் தட்டுப்படும் வரை தோண்டச் செய்தார். அந்த எட்டுத் தூண்களுக்கு நடுவே உண்டான வெளி 70 அடிக்கும் மேல் அகலமானது. அவ்வளவு பெரிய வெளியைக் கல்லால் மூட இயலாது. அரசரின் தச்சராயிருந்த வில்லியம் ஹர்லி மரத்தால் அதை மூடும் வழியைக் கண்டார். ஏறத்தாழ 63 அடி நீளமுள்ள எட்டு ஓக் கம்பங்கள் தேவைப்பட்டன. அத்தகைய மரங்களுக்காகப் பல இடங்களில் தேடினார்கள். பெட்ஃபோர்ட்ஷையரில் சிக்ஸாண்ட்ஸ் என்னும் இடத்திலிருந்து ஓக் மரங்கள் வாங்கப்பட்டன. நிலத்திலும் நீரிலுமாக அவற்றைக் கொண்டுவந்தார்கள். 1342-இல் வேலை முடிந்தது. கல்லும் மரமும் ஈயமுமாக எழும்பிய அந்த எண்கோணக் கோபுரத்தின் உச்சியில், சுற்றிலும் சாளரங்கள் வைத்த ஒரு பெரிய விளக்குக்கூடுபோன்ற அமைப்பு அந்தரத்தில் தொங்குவதுபோல் நிற்கிறது.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அது கல் என்றே தோன்றும். விலா எலும்புகள்போல் விரியும் அந்த வளைவுகள் யாவும் மரம். சாலொமோன் கட்டின ஆலயத்தின் உட்புறம் கேதுரு மரத்தால் மூடப்பட்டு, கல்லே கண்ணுக்குத் தெரியாதபடி இருந்ததென்று 1 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஈலியிலோ மரமே கல்போல் வேடம் பூண்டு நிற்கிறது. காடு ஆலயத்துக்குள் ஏறி நிற்கிறது என்று அன்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1251-இல் ஈலிப் பேராயரின் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதிய ஏடு ஒன்று உண்டு. அதில் நம் ஹேலி காடும் பேராயரின் உடைமையாக எழுதப்பட்டிருக்கிறது. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆலிவர் ராக்கம் 1975-இல் இந்தக் காட்டின் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். அண்ணாச்சிதான் அந்தப் புத்தகத்தை எனக்குத் தந்தார். இன்னும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

பேராலயத்தின் உட்புறத்தைப் படம் எடுப்பதில் ஒரு பெரும் தொல்லை உண்டு. சாளரங்கள் பளீரென்று ஒளிர, தூண்களின் அடியில் இருள் அடர்ந்திருக்கும். நம் கண் இரண்டையும் ஒருசேரத் தாங்கிக்கொள்ளும். கேமராவுக்கு அது கடினம். மேலும் நல்ல இடத்தில் முக்காலியை நிறுத்தியவுடனே, சிவப்பு மேல்சட்டை அணிந்த ஒருவர் நடுவில் வந்து நிற்பார். இதற்கு ஒரு வழி உண்டு. துளையைச் சுருக்கி, ஷட்டரை அரை நிமிடம் திறந்துவைத்தால், நடந்து செல்கிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். ஓரிடத்திலும் போதிய நேரம் நிற்காததால் அவர்களுடைய சுவடு பதியாது. ஆலயம் மட்டும் காலியாய், தூய்மையாய் நிற்கும்.

இந்தத் துறையில் முன்னோடியான ஃபிரெடரிக் எவன்ஸ் என்பவரைப் பற்றி வாசித்திருக்கிறேன். லண்டனில் புத்தகக் கடை நடத்தியவர்; பின்பு கடையை விட்டுப் படம் எடுக்கும் பணியிலேயே நின்றார். ஈலி, லிங்கன், வெல்ஸ் ஆகிய பேராலயங்களையெல்லாம் பிளாட்டினம் அச்சில் படமாக்கினார். வெல்ஸ் பேராலயத்தில் தேய்ந்த படிக்கட்டுகள் அலைகடல்போல் மேலெழும் படம் 1903-இல் எடுக்கப்பட்டது. அவர் காடுகளையும் படம் பிடித்தார் என்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஒளி தூணின்மேல் ஏறுவதையும் மரத்தின்மேல் ஏறுவதையும் ஒரே பொறுமையோடு பார்த்தவர் அவர். முதல் உலகப்போரின்போது பிளாட்டினம் கிடைப்பது அரிதாகிவிட, தம் பணியை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். அவருடைய படங்களில் மனிதர் அரிது. நானும் அவ்விதமே எடுக்க விரும்பினேன்.

அனுமதி பெற்று, கூட்டமில்லாத காலை வேளையில் எண்கோணத்துக்கு எதிரே முக்காலியை நிறுத்தினேன். மேலிருந்து ஒளி இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் நாற்காலி வரிசைகள். அவற்றில் ஒன்றில், எனக்கு முதுகு காட்டியபடி, வயது சென்ற ஒரு பெண்மணி தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து போவார் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். அவர் அசையவில்லை. மேலே இருந்த ஒளி மாறத் தொடங்கிற்று. எனக்குள் எரிச்சல் மூண்டது. “இன்னும் எவ்வளவு நேரம்!” என்று முணுமுணுத்தே விட்டேன். கடைசியில் வேறு வழியின்றி, அவரையும் சேர்த்தே அரை நிமிடம் ஷட்டரைத் திறந்துவைத்துப் படம் எடுத்தேன். இரண்டு மூன்று பேர் நடுவே நடந்து போனார்கள். அந்தப் பெண்மணி இறுதிவரை அப்படியே இருந்தார்.

அன்றிரவு வீட்டில் கணினியில் படங்களைப் பார்த்தேன். நடந்து போனவர்களில் ஒருவரும் படத்தில் இல்லை. அந்தப் பெண்மணி மட்டும் கல்தூண்களைப்போல் தெளிவாகப் பதிந்திருந்தார். அவருக்கு மேலே, 700 ஆண்டுகளுக்கு முன் கோபுரம் விழுந்த அந்த வெளியிலிருந்து ஒளி இறங்கியது. அந்த ஒரு படம் தவிர, கடந்த பத்து மாதங்களில் நான் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் ஒன்றிலும் மனிதர் இல்லை.

தேவனுடைய ஆலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த ஓர் ஆத்துமாவைப் பார்த்து, “இவர் எழுந்துபோனால் என் ஆலயம் அழகாயிருக்கும்” என்று எரிச்சலடைந்திருக்கிறேன். அதைவிட, அன்றுதான் முதல்முறை அப்படி எரிச்சலடையவில்லை என்பதும் எனக்குத் தெரிந்துபோயிற்று. பொதுக்கூட்டத்தில் கணக்கைச் சொல்லி எழுந்து நின்ற ஒரு மனிதரும் என் ஆலயப் படத்துக்கு இடைஞ்சலாகவே எனக்குத் தோன்றினார். எனக்கு வேண்டியிருந்தது கட்டடம். அவர் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்னதைப் பலமுறை உங்களுக்குப் பிரசங்கித்திருக்கிறேன். பலிபீடத்தின் அருகே நிற்கும்போது சகோதரனுடைய மனக்குறை நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும். பத்து மாதமாய் நான் காணிக்கையையும் விடாமல், சகோதரனிடமும் போகாமல், பலிபீடத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் ராக்கமின் புத்தகத்தையும், ஏப்ரலில் எடுத்த காட்டுப் படத்தின் அச்சையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் மதினி. ஒரு நொடி தயங்கி, “வாங்க ஐயா” என்றார்கள். அண்ணாச்சியின் முன்பாக உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் மறந்துபோக, “நான் சொன்னது தவறு; எல்லார் முன்பாகவும் உங்களை அவமானப்படுத்தினேன்; மன்னியுங்கள்” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவர் வெகுநேரம் பேசவில்லை. மதினி தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறிப்போயிற்று. பின்பு அவர் படத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அருகில் வைத்துப் பார்த்தார். இடது ஓரத்தில் தெரிந்த ஒரு தூரைத் தொட்டு, “இது நான் அறுத்தது. கொஞ்சம் மேலே அறுத்துட்டேன். இன்னும் தரையோடு அறுத்திருக்கணும்” என்றார். அதன்பிறகுதான் என்னைப் பார்த்தார். “வருத்தம் இருந்துச்சு ஐயா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். உடனே போயிடாது.” வாசல்வரை வந்தவர், “இந்த மாசத்தோட வெட்டு முடியுது. பறவை கூடு கட்ட ஆரம்பிச்சா வெட்டக் கூடாது. சனிக்கிழமை வாங்க. கேமரா வேண்டாம், கையுறை கொண்டு வாங்க” என்றார்.

அந்தச் சனிக்கிழமை போனேன். நாள் முழுவதும் அவர் அறுத்துப் போட்ட கொம்புகளை இழுத்துக் குவித்தேன். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மாலையில் இடுப்பு நிமிரவில்லை. அவர் இன்னும் சபைக்குத் திரும்பி வரவில்லை, வருவதாகவும் சொல்லவில்லை. நான் அவசரப்படுத்தப்போவதுமில்லை. அன்று வெட்டிய இடத்தில் ஆக்ஸ்லிப் பூத்துக் குலுங்க இன்னும் ஒரு வசந்தமாவது கழியவேண்டும்.

பிரியமானவர்களே, இந்த அனுபவத்திலிருந்து எளிதான ஒரு பாடத்தை உருவி எடுத்து, “விழுந்ததும் நன்மைக்கே” என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஈலியில் கோபுரம் விழுந்தது பெருந்துயரம். அதை நாடி ஒருவரும் ஜெபிக்கவில்லை. காட்டில் மரத்தை அறுக்கிறவனோ, எந்த மரத்தை, எந்தப் பருவத்தில், எவ்வளவு அறுக்கவேண்டும் என்று அறிந்து அறுக்கிறான். கனிதரும் கொடியைச் சுத்தம்பண்ணுகிறவர் பிதாவானவர் என்று யோவான் 15-இல் நம் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நான் அன்று வீசினது அவருடைய கத்தி அன்று. என் கோபத்தின் கோடரியை அவருடைய கத்தி என்று பேர் சொல்லி மறைப்பது இன்னொரு பாவமாகும்.

ஆனால் இதைச் சொல்லலாம். விழுந்த இடத்தை என்ன செய்கிறோம் என்பது நமக்கு முன்னே வைக்கப்பட்டிருக்கிறது. ஆலன் என்னும் அந்தத் துறவி முதலில் இடிபாடுகளைச் சுமந்து வெளியேற்றினார். பிறகு உறுதியான தரை தட்டுப்படும் வரை தோண்டினார். நானோ இடிபாடுகளின்மேல் ஒரு விரிப்பைப் போட்டு, அதன்மேல் முக்காலியை நிறுத்தி, மேலே தெரிந்த வெளிச்சத்தைப் படம் எடுத்தேன்.

யோபு பக்தன், வெட்டப்பட்ட மரத்துக்கு நம்பிக்கை உண்டு, தண்ணீரின் வாசனை பட்டால் அது மறுபடியும் துளிர்க்கும் என்ற கருத்தைச் சொல்லுகிறார். ஆனால் அதை ஆறுதலாக அவர் சொல்லவில்லை, முறையீடாகச் சொல்லுகிறார். மரத்துக்குள்ள நம்பிக்கை மனிதனுக்கு இல்லையே என்பது அவர் வேதனை. அந்த முறையீட்டுக்குத் தேவன் தந்த பதிலை ஏசாயா 11-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வெட்டுண்ட ஈசாயின் அடிமரத்திலிருந்து எழும்பிய துளிர் நம் இரட்சகரே. அடிக்கட்டையாய்க் கிடப்பவற்றை அவர் அற்பமாய் எண்ணுகிறவரல்லர்.

நான் அண்ணாச்சியைக் கடிந்துகொண்டது உங்கள் அனைவர் முன்பாக. ஆகையால் அவர் வீட்டு அறைக்குள் கேட்ட மன்னிப்பு போதாது. அவரைக் குறித்து நான் சொன்ன சொல் பொய்யானது. அது விசுவாசத்திலிருந்து பிறந்ததன்று, என் பேராசையிலிருந்து பிறந்தது என்று உங்கள் அனைவர் முன்பாகவும் அறிக்கையிடுகிறேன். வரும் ஞாயிறு ஆராதனையிலும் இதைச் சொல்வேன். உங்களையும் அந்த வாக்குவாதத்தில் இழுத்துவிட்டதற்காக என்னை மன்னியுங்கள். இதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டபோது, “எழுதுங்க ஐயா. ஆனா நான் சொன்னதெல்லாம் சரின்னு எழுதிடாதீங்க. அன்னைக்கு எனக்கும் கோபம் இருந்துச்சு” என்றார். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

இந்த வாரம் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மனதில் நீங்கள் அழகாய்ச் சட்டமிட்டு வைத்திருக்கும் குடும்பப் படத்தையோ, சபைப் படத்தையோ எடுத்துப் பாருங்கள். அது அழகாயிருக்கும்படி யாரை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறீர்கள் என்று ஆண்டவரிடத்தில் கேளுங்கள். ஒரு பெயரை அவர் காட்டினால், அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கதவு உடனே திறக்காமலும் போகலாம். தேநீர் ஆறிப்போகலாம். ஆயினும் தட்டுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, கட்டடங்களை நேசித்து மனிதரை மறந்த எங்கள் பாவத்தை மன்னியும். நாங்கள் இடித்துப்போட்டதை நாங்களே சுமந்து வெளியேற்ற எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். உறுதியான நிலம் தட்டுப்படும் வரை தோண்டப் பொறுமையைத் தாரும். எங்களைவிட்டு விலகிப் போனவர்களை நீர் எங்கிருந்தாலும் காத்தருளும். உம்முடைய ஏற்ற காலத்தில் எங்கள் அடிக்கட்டைகள் துளிர்க்கக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டுகிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்